கூரை வெட்டிய ஜாகுவாரா, திறந்தே பிறந்த ஜாகுவாரா?

ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சானுக்கு ஒரு திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமாம். மாங்குளத்தில் லான்ட்மாஸ்டர் என்ற கை உழவு மெசின் ஓட்டி வளர்ந்த மனிதர். கனடாவில் பிள்ளைகளைப் படிப்பித்து முடித்துவிட்டார், இனித் தனக்கென்று ஒன்று வாங்கப் போகிறார். சரி, நியாயமான ஆசைதான். தேடித் தேடி ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ் என்ற பழைய பன்னிரண்டு சிலிண்டர் காரில் வந்து நிற்கிறார். வாட்ஸ்அப்பில் இரண்டு விளம்பரங்களை அனுப்பியிருக்கிறார். முதலாவது 1989ஆம் ஆண்டுக் கார், ஜாகுவார் தொழிற்சாலையே கொன்வெர்ட்டிபிளாக, அதாவது கூரை மடிக்கும் காராகக் கட்டியது. மற்றது 1987இல் வந்தது. இங்கிலாந்தில் கூரையோடு செய்து, அமெரிக்காவில் ஹெஸ் அன்ட் ஐசன்ஹார்ட் என்ற நிறுவனம் கூரையை வெட்டி ஹூட் என்ற மடிக்கும் துணிக் கூரை போட்டது. இரண்டாவதன் விலை நன்றாகக் குறைவு.

“வெட்டி ஒட்டுறது உங்கட தொழில்தானே மச்சான், பார்த்துச் சொல்லுங்கோ” என்கிறார். கிளிநொச்சியில் டிங்கர் வேலை செய்கிற எனக்கு ஜாகுவார் ஓடிப் பழக்கமில்லை. ஆனால் தகரத்தை வெட்டினால் அதற்குப் பிறகு அது என்ன செய்யும் என்பது தெரியும். இதே கேள்வியோடு வெளிநாட்டில் வேறு மச்சான்மாரும் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெட்டுக்காரர்கள் எப்படி வந்தார்கள்

எக்ஸ்ஜேஎஸ் 1975இல் வந்தபோது அதில் திறந்த வகை கிடையாது. கார் உருண்டால் உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பில்லை என்று அமெரிக்கா திறந்த கார்களைத் தடைசெய்துவிடும் என்ற பயம் அந்தக் காலத்தில் எல்லாக் கம்பனிகளுக்கும் இருந்தது. டிரையம்ப் டிஆர்7 என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரும் அதனால்தான் முதலில் கூரையோடு மட்டும் வந்தது. 1976இல் கடிலாக் தன் எல்டொராடோவை, அமெரிக்காவின் கடைசிக் கொன்வெர்ட்டிபிள் என்று சொல்லியே விற்றது. அந்தத் தடை கடைசிவரை வரவில்லை. ஆனால் கம்பனிகள் விட்டுவிட்ட இடத்தில் வெட்டுக்காரர்கள் புகுந்தார்கள். இங்கிலாந்தில் லிங்க்ஸ், கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஸ்ட்ராமன், இன்னும் பெயர் நிலைக்காத எத்தனையோ பட்டறைகள்.

ஜாகுவார் மெதுவாகத்தான் திரும்பி வந்தது. 1983இல் எக்ஸ்ஜே-எஸ்சி என்று ஒன்று. அதில் முன்பக்கக் கூரைப் பலகைகளைக் கழற்றலாம், பின்பக்கம் மடிக்கலாம், ஆனால் தலைக்கு மேலே ஒரு சட்டம் நிற்கும். பாதி திறந்த கார். அமெரிக்க விற்பனையாளர்களுக்கு அது போதவில்லை. அதனால் 1986 முதல் 1988 வரை கூரையோடு முடித்த கார்கள் ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டிக்குப் போய், ஹெஸ் அன்ட் ஐசன்ஹார்டில் வெட்டப்பட்டு, ஜாகுவார் விற்பனையாளர்களிடமே விற்பனைக்கு வந்தன. சுமார் 2,000 கார்கள். 1988இல்தான் ஜேர்மனியின் கர்மான் நிறுவனத்தின் உதவியோடு ஜாகுவார் தன் சொந்தக் கொன்வெர்ட்டிபிளை வெளியிட்டது. 1996இல் எக்ஸ்ஜேஎஸ் நிற்கும்வரை அது ஓடியது.

ஆகவே மச்சான் அனுப்பிய இரண்டாவது கார் யாரோ ஒரு மூலைப் பட்டறையின் வேலை இல்லை. கென்னடி சுடப்பட்டபோது இருந்த லிங்கன் காரை ஜனாதிபதிக்காக மாற்றிக் கட்டியதே இந்த ஹெஸ் அன்ட் ஐசன்ஹார்ட்தான். வேலை தெரிந்தவர்கள். இதைச் சொல்லாமல் “வெளியில் வெட்டினது, வேண்டாம்” என்று ஒரே வரியில் தள்ளினால் அது நியாயமில்லை.

எங்கள் கண் சேஸி வண்டி பார்த்துப் பழகியது

வன்னியில் திறந்த வண்டி புதுமை இல்லை. கூரை இல்லாத ஜீப்பும் லான்ட் ரோவரும் இந்தப் பக்கம் பல காலம் ஓடின. வெறும் அடிச்சட்டமான சேஸியாக வந்து இங்கே பொடி என்ற மேல்கூடு கட்டிய பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. மாற்றிச் செய்வதில் எங்களுக்குக் கூச்சமே இல்லை. அதனால் கூரையை எடுப்பது பெரிய விஷயமாகத் தெரியாது.

ஆனால் அந்த ஜீப்புக்குக் கீழே தனியாக ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறது. பாரத்தையும் முறுக்கையும் அதுதான் தாங்குகிறது. மேலே இருக்கும் பொடி மழை வெயிலுக்கு ஒரு மறைப்பு, அவ்வளவுதான். எக்ஸ்ஜேஎஸ் போன்ற காரில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. தரை, கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டி, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்த தகரக் கூடே சேஸி. ஒரு தீப்பெட்டியின் உள்தட்டை உறைக்குள் வைத்து முறுக்கிப் பாருங்கள், பிறகு வெளியே எடுத்து முறுக்கிப் பாருங்கள். கூரை போன கார் அந்த வெளியே எடுத்த தட்டு.

கலியாண ஊர்வலத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் திறந்த கார் கேட்கும் காலம் இது. பழைய டொயோட்டா கரீனாவைக் கொண்டுவந்து, “மேலே வெட்டி விடுங்கோ அண்ணை, ஊர்வலத்துக்கு மட்டும்தான்” என்பார்கள். ஊர்வலத்துக்கு நடை வேகம் போதும்தான். ஆனால் கோயிலடிக்கு அந்தக் கார் ஏ9 வீதியில் லொறிகளுக்கு நடுவே வரவேண்டுமே. சில் பெட்டிக்குள் இரும்பு வைத்து, குறுக்குச் சட்டமும் போட்ட பிறகு வெட்டலாம் என்று சொன்னால் செலவைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். போகட்டும். கதவு திறந்தால் பூட்டாத, பூட்டினால் திறக்காத கார் ஒன்று என் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிவதை விட அது நல்லது.

ஜாகுவார் தன் கொன்வெர்ட்டிபிளுக்கு இந்த வேலையைத் தொடக்கத்திலேயே செய்தது. சில்களும் முன் கண்ணாடித் தூண்களும் உள்ளே பலப்படுத்தப்பட்டன, கியர்பெட்டிக்கு மேலே ஓடும் சுரங்கமும் இருக்கைக்குப் பின் தடுப்பும் தடித்தன. கூரையை எடுத்தால் கார் பாரம் குறையும் என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள். குறையவில்லை. சுமார் 100 கிலோ கூடியது. நல்ல கொன்வெர்ட்டிபிள் எப்போதும் தன் கூரைக் காரை விடப் பாரமாகவே இருக்கும். விற்பவர் “வெட்டினபடியால் கார் இலேசு” என்று பெருமையாகச் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடலாம்.

ஹெஸ் அன்ட் ஐசன்ஹார்ட்டும் அடியைப் பலப்படுத்தித்தான் வெட்டினார்கள். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

ஒட்டுக்குப் பின்னால் வரும் கறள்

என் தொழிலில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இதை விளம்பரப் படங்களில் பார்க்க முடியாது.

தொழிற்சாலையில் கூட்டை முழுதாக ஒட்டி முடித்த பிறகே கறள் தடுப்புப் பூச்சும் பெயின்டும். பூச்சு பெட்டிகளுக்குள்ளும் ஒட்டுகளுக்குள்ளும் போய்ச் சேர வாய்ப்பிருக்கிறது. பிறகு வெட்டும் காரிலோ வரிசை தலைகீழ். முதலே பூசி முடித்த கூட்டில் வெல்டிங் பிடிக்கிறோம். வெளிப்பக்கம் கருகினதைத் தீட்டிப் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிடலாம், கண்ணாடி மாதிரி வரும். சில் பெட்டியின் உள்பக்கம் கருகின பூச்சை யார் போய்ப் பூசுவது? மெழுகு அடித்தால் ஓரளவு காக்கும். அடித்தார்களா, எவ்வளவு அடித்தார்கள் என்பது அன்று அந்தக் காரில் வேலை செய்தவருக்குத்தான் வெளிச்சம்.

எங்கள் ஊரில் இது மெதுவான வியாதி. முல்லைத்தீவுக் கடற்காற்றுப் படும் வண்டிகளைத் தவிர மற்றவற்றுக்கு வருடத்தில் பாதி காய்ந்த வெயில். ஒன்டாரியோவில் குளிர்காலம் முழுக்க வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். உப்புத் தண்ணி சில் பெட்டியின் சிறு துவாரங்களால் ஏறி, நாங்கள் ஒட்டிக் கருக்கின அதே இடத்தில் போய்க் குந்தும். நாற்பது வருடம் போதும், அதைத் தின்ன. எக்ஸ்ஜேஎஸ் எந்த வகையானாலும் கறளுக்குப் பேர்போன கார்தான், தொழிற்சாலைக் காரும் தப்பாது. ஆனால் கூரைக் காரில் சில் கறள் பிடித்தால் அது செலவு. கொன்வெர்ட்டிபிளில் சில் கறள் பிடித்தால் காரின் முதுகெலும்பே போனது போலத்தான். வெட்டிய காரில் அந்த எலும்பு எங்கே ஒட்டப்பட்டது, எந்தத் தடிப்பில் என்பதற்கு எல்லாக் கராஜிலும் வரைபடம் கிடையாது. திருத்துகிறவர் பிரித்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், அந்தப் படிப்புக்கும் மணிக்கணக்கில் காசு.

ஹூட், டாங்கி, மற்றதெல்லாம்

அழகில் வெட்டிய கார் வெல்கிறது. இதை மறைக்க முடியாது. ஹெஸ் அன்ட் ஐசன்ஹார்ட் ஹூட் மடித்தால் ஆழமாக உள்ளே இறங்கிவிடும், பின்பக்கக் கோடு சுத்தமாக இருக்கும். தொழிற்சாலைக் காரில் மடித்த ஹூட் இருக்கைக்குப் பின்னால் ஒரு மூட்டையாக நிமிர்ந்து நிற்கும். மச்சான் அனுப்பிய படங்களில் 1987 கார்தான் என் கண்ணுக்கும் முதலில் பிடித்தது.

அந்த ஆழத்துக்கு ஒரு விலை உண்டு. எக்ஸ்ஜேஎஸ்ஸின் பெற்றோல் டாங்கி இருக்கைக்குப் பின்னால், ஹூட் இறங்கவேண்டிய அதே இடத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இரண்டு சிறிய டாங்கிகளாகப் பிரித்து வைத்தார்கள். டாங்கி இரண்டானால் குழாயும் இணைப்பும் கூடும். இந்தப் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் ஏற்கெனவே பெற்றோல் ஹோஸ் விஷயத்தில் கவனம் கேட்கிற சாமான். எஞ்சினின் நடுப் பள்ளத்தில் சூடு தங்கி றப்பர் எல்லாம் காய்ந்து வெடிக்கும், பெற்றோல் கசிந்தால் தீ. ஹோஸ்கள் எப்போது மாற்றப்பட்டன என்ற பற்றுச்சீட்டு இல்லாமல் எந்த வி12ஐயும் ஸ்டார்ட் பண்ணக்கூட வேண்டாம். 1989 காருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வருடம் நடுப்பகுதியில் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் லூக்கஸ் கம்பனியுடையதிலிருந்து மரேலி கம்பனியுடையதாக மாறியது. மரேலியில் தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் ரோட்டர் பழுதானால் ஒரு பக்கத்து ஆறு சிலிண்டரும் எரியாமல் பெற்றோலை அப்படியே சைலன்சர் பக்கம் தள்ளும், அங்கே சூடேறித் தீப்பிடித்த கதைகள் இந்தக் கார்க்காரர்களிடையே பிரபலம். எந்த இக்னிஷன் என்று கேட்டு, ரோட்டரும் மூடியும் மாற்றிய கணக்கைப் பார்க்கட்டும்.

ஹூட் துணி கிழிந்தால் எந்த ஊரிலும் தைக்க ஆள் உண்டு. ஓட்டோவுக்கு ஹூட் தைக்கும் எங்கள் குஷன் கடைக்காரரே நல்ல துணி கொடுத்தால் ஒன்று தைத்துவிடுவார். தொல்லை றப்பர் சீலில்தான். கதவுக் கண்ணாடி ஹூட்டைச் சந்திக்கும் இடத்தில் அந்தந்த வடிவத்தில் வார்த்த றப்பர் வேண்டும். தொழிற்சாலைக் காருக்கு அது பழைய ஜாகுவார் பாகக் கடைகளில் தேடினால் கிடைக்கும். 2,000 கார்களுக்கு மட்டும் என்று செய்ததற்கு யார் அச்சு வைத்திருக்கப் போகிறார்கள்? ஹூட் கீலும் அதைத் தூக்கும் ஹைட்ரோலிக் சாமானும் அதே கதைதான். தொழிற்சாலைக் காரில் பின்கண்ணாடி உண்மைக் கண்ணாடி, சூடாக்கும் கம்பியோடு. குளிர் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

காசும் பேப்பரும்

வெட்டிய காருக்கும் அசலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தின் உச்சம் பார்க்க வேண்டுமென்றால் ஃபெராரி டேடோனாதான். கூரைக் கார் 1,280க்கு மேல் செய்தார்கள், ஸ்கலியெட்டி பட்டறை கட்டிய அசல் ஸ்பைடர், அதாவது திறந்த கார், 120 சொச்சம் மட்டுமே. பிறகு பலர் கூரைக் கார்களை வெட்டி ஸ்பைடராக்கினார்கள். சேஸி இலக்கத்தைக் கம்பனிப் பதிவோடு ஒப்பிட்டால் எது எது என்று தெரிந்துவிடும், அதன்படி விலை பல மடங்கு மாறும். எக்ஸ்ஜேஎஸ்ஸில் அவ்வளவு பள்ளம் இல்லை. ஆனாலும் மலிவாக வாங்கிய வெட்டுக் காரை விற்கும்போதும் மலிவாகத்தான் விற்க வேண்டும், வாங்க வருபவரும் குறைவு. இன்று மிச்சமாகும் காசு உண்மையில் மிச்சமில்லை, விற்கும் நாள்வரை கைமாற்றாக வந்தது.

ஒன்டாரியோவில் இன்னொரு சங்கதி. பழைய காருக்கான வரலாற்று இலக்கத் தகடு வேண்டுமென்றால் கார் 30 வருடம் கடந்திருக்க வேண்டும், தயாரிப்பாளர் செய்த மூல வடிவிலிருந்து பெரிதாக மாறியிருக்கக் கூடாது. 1989 காருக்கு இதில் கேள்வியே இல்லை. கூரை வெட்டிய காருக்கு என்ன சொல்வார்கள் என்பதை வாங்க முன்னரே கேட்டுத் தெளிய வேண்டும். இன்சூரன்ஸுக்கும் மாற்றத்தை மறைக்காமல் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாமல் விட்டால் அடிபட்ட அன்று அவர்கள் அதைக் கண்டுபிடிப்பார்கள்.

“பிறகு ஊருக்குக் கொண்டு வரலாமோ?” என்றும் கேட்டார். வராது, மச்சான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதிலும் இவ்வளவு பழைய காருக்கு இடமில்லை, ஸ்டியரிங்கும் இடப்பக்கம். வந்தாலும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்த கையோடு திருப்பிக் கொண்டுபோய் மூடி வைக்க வேண்டியதுதான். பங்குனி வெயிலில் கூரையைத் திறக்க முடியாது, கார்த்திகை மழையில் திறக்கவே முடியாது.

காரைப் பார்க்கப் போகும்போது

எந்தக் காரானாலும் காரைத் தூக்கும் ஹொயிஸ்ட் உள்ள கராஜில், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அதற்கு முன் மச்சான் தானே செய்யக்கூடியவை சில. முதலில் சமதரையில் நிறுத்தி, கதவுக்கும் பின் பொடிக்கும் இடையிலான இடைவெளியை மேலேயும் கீழேயும் பார்க்கட்டும். மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. பிறகு ஒரு பின் மூலையை மட்டும் ஜக்கில் தூக்கி அந்தப் பக்கக் கதவைத் திறந்து பூட்டிப் பார்க்கட்டும். முன்போலப் பூட்டினால் சில் உயிரோடு இருக்கிறது. ஜக் வைக்கும் இடமே நசிந்து உள்ளே போனால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

முன் கண்ணாடித் தூணின் அடியில் பெயின்டில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருக்கிறதா? அந்த இடம் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது என்று அர்த்தம். கார்ப்பெட்டைத் தூக்கி ஈரம் பார்க்க வேண்டும். ஹூட் மடியும் குழியில் தண்ணி வடியும் துவாரங்கள் அடைபட்டால் அந்தத் தண்ணி நேரே தரைக்குத்தான் வரும். அடியில் காந்தம் கொண்டுபோய்த் தொட்டால் பட்டி எங்கே, இரும்பு எங்கே என்று தெரிந்துவிடும். புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். கடைசியாக மேடு பள்ளமான வீதியில் ஹூட்டைத் திறந்து ஓட்டி உள்கண்ணாடியைக் கவனிக்கட்டும். பின்னால் வரும் வாகனம் அதில் கொஞ்சம் நடுங்கினால் எல்லாத் திறந்த காருக்கும் உள்ளதுதான். இரண்டாகத் தெரிந்தால் விட்டுவிடலாம்.

என் தீர்ப்பு 1989 கார்தான். ஒரே ஒரு வழியில் 1987 காருக்குச் சம்மதிப்பேன். மாற்றிய காலத்துப் பேப்பர்கள் முழுதாக இருந்து, மேலே சொன்ன சோதனைகளில் தேறி, விலையும் தொழிற்சாலைக் காரின் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இருந்து, மச்சான் அதை விற்கிற எண்ணமில்லாமல் வைத்திருப்பதாக இருந்தால். பெயர் தெரியாத பட்டறையில் வெட்டிய எந்தக் காரும் எந்த விலைக்கும் வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவுக்கு 1993 மாடலிலிருந்து இதே தொழிற்சாலைக் கொன்வெர்ட்டிபிள் 4.0 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சினோடும் வந்தது. 1995, 1996 மாடல்களில் இருப்பது ஏஜே16 என்ற இன்னும் நல்ல எஞ்சின். வி12இன் சத்தம் இராது, அதன் வைத்தியச் செலவும் இராது. ஹெஸ் அன்ட் ஐசன்ஹார்ட் வெட்டிய கார்களில் இந்தத் தெரிவே இல்லை, அவை எல்லாம் வி12. ஜாகுவார்தான் வேண்டுமென்ற பிடிவாதம் தளர்ந்தால், 1989இலிருந்து திறந்த காராகவே வரையப்பட்டு பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற மஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. மச்சானின் உயரத்துக்கு முழங்கால் இடிக்கும், அதையும் ஒருமுறை ஏறி இருந்து பார்க்கட்டும்.

அந்த ஆறு சிலிண்டர் ஜாகுவாரில் 1996 மாடல் ஒன்று அகப்படுகிறதா என்று இந்த மாதம் தேடச் சொல்லியிருக்கிறேன். அதுவரை இரண்டு விளம்பரக்காரருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.